சாதிர்பெக்கின் வேக வரி

பிஷ்கெக்கில் எங்கள் அலுவலகத்தில் வாசலுக்கு நேரெதிரே, கடைக்கோடியில் இருக்கும் மரியாதை நாற்காலி சாதிர்பெக்குடையது. சர்வர்களுக்குத் தலைவர் அவர். அவருக்குக் கீழே நான், எனக்குக் கீழே அய்ஜர்கின்.

கோக்-போரு குதிரைப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு அன்று நண்பகலில் எங்கள் தளத்தில் டிக்கெட் விற்பனை. "திறக்கலேன்னா என் நாற்காலியில வேற ஆளை உட்கார வைங்க" என்று முந்தின நாள் விருந்தில் இயக்குநரிடம் சாதிர்பெக்கே வாய்விட்டிருந்தார். இயக்குநர் மறக்கிற ஆள் இல்லை.

காலையில் சர்வர் மென்பொருளில் ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. அப்டேட் போட்டோம். பாதியில் லினக்ஸ் நின்று கேட்டது: இந்த அமைவுக் கோப்பை நீங்களும் மாற்றியிருக்கிறீர்கள், தயாரித்தவர்களும் மாற்றியிருக்கிறார்கள், புதியதைப் போடவா, பழையதையே வைக்கவா, வித்தியாசத்தைக் காட்டவா?

"பைகே, வித்தியாசத்தைப் பார்த்துடலாமே" என்று சாதிர்பெக்கிடம் சொன்னாள் அய்ஜர்கின். பைகே என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

"என் கோப்பையும் ஊர்பேர் தெரியாதவன் கோப்பையும் ஒப்பிடறதா? நல்லா இருக்கும்மா!"

எண்டரைத் தட்டினார். வெறும் எண்டர் தட்டினால் பழையதே இருக்கும். ஆண்டுக்கணக்கில் அவர் தட்டிவரும் ஒரே பதில் அதுதான்.

சர்வர் எழவில்லை. நாற்பத்தோராவது வரி புரியவில்லை என்றது.

"அதுக்குப் புரியலையாம்! அரைவேக்காடு!"

அந்த வரி எங்களுக்குத் தெரியும். பக்கங்களை வேகப்படுத்த அவர் கண்டுபிடித்த வரி. அதைப் பற்றிய உரையைக் கேட்காமல் அங்கே யாரும் முதல் சம்பளம் வாங்கியதில்லை.

புதிய கோப்பை லினக்ஸ் வீசிவிடவில்லை; வேறு பெயரில் பக்கத்திலேயே வைத்திருந்தது. அய்ஜர்கின் இரண்டையும் அருகருகே திறந்தாள்.

"பைகே, இதுல நீங்க எழுதினது மொத்தமே மூணு வரி. ஒண்ணு நம்ம தளத்தோட பேரு. இன்னொண்ணு, 'சாதிர்பெக் செதுக்கியது, தொடாதே.' அப்புறம் இந்த நாற்பத்தொண்ணு. மிச்சமெல்லாம் அந்த ஊர்பேர் தெரியாதவன் எழுதினது."

"அந்த வேகப்படுத்தற வேலை இனிமே தானாவே நடக்குமாம், வரியை எடுத்துடுங்கன்னு குறிப்பே போட்டிருக்காங்க" என்றேன்.

"உன்னை யாருய்யா கேட்டா?"

"நான் சும்மா இருக்கேன் பைகே. பன்னெண்டு மணிக்கு இயக்குநர் கேப்பார்."

சாதிர்பெக் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவினார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, எங்களுக்குத் தெரியாதபடி தோளால் திரையை மறைத்துக்கொண்டு, அந்த வரியை அழித்தார்.

சர்வர் எழுந்தது. நண்பகலில் விற்பனை திறந்தது. பக்கங்கள் முன்பைவிட வேகமாகவே வந்தன. இயக்குநர் தொலைபேசியில் பாராட்டினார்.

"எல்லாம் நம்ம கோப்புதான் தலைவரே. சின்னதா ஒரு மெருகு ஏத்தினேன்" என்றார் சாதிர்பெக்.

அய்ஜர்கின் தேநீர் ஊற்றினாள். எங்கள் ஊரில் உட்கார வேண்டியவருக்குப் பாதிக் கிண்ணம்தான். விளிம்புவரை ஊற்றினால் கிளம்பலாம் என்று அர்த்தம். சாதிர்பெக்கின் கிண்ணம் வழிந்து மேசையை நனைத்தது. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு ஊத்தும்மா" என்று நீட்டினார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, நாற்பத்தோராவது வரியை ஏன் அழித்தே ஆக வேண்டும் என்ற உரையைத் தொடங்கினார்.