ஏற்கெனவே கழுவிய கால்கள்

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒருமுறை பாதிரியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். பன்னிரண்டும் பெரிய மனிதர்களின் கால்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள்.

இந்த வருஷம் ஒருவர் வரவில்லை. என் அப்பா கொத்தனார். வேலையிலிருந்து நேராக வந்து கடைசியில் நின்றிருந்தார். அவரை இழுத்துப்போய், வராதவரின் காலி நாற்காலியில் உட்காரவைத்தேன். காலெல்லாம் காய்ந்த சிமெண்ட்.

"வேண்டாம்மா, மானத்த வாங்காத" என்று நெளிந்தார்.

சபைச் செயலாளர் ஓடிவந்தார். "ஏம்மா, நாலெழுத்துப் படிச்சிட்டா என்ன வேணா செய்வியா? முதல்ல அவரக் குழாய்ல காலக் கழுவிட்டு வரச் சொல்லு."

"கழுவிட்டு வந்தா அப்புறம் ஃபாதர் எதுக்குங்க? இயேசு என்ன, சுத்தமான காலாத் தேடிப் புடிச்சா கழுவினாரு?"

யாரோ சிரித்தார்கள். பாதிரியார் சிரிக்கவில்லை. அப்பாவின் முன்னால் மண்டியிட்டார். மற்றவர்களுக்கு ஒரு சொட்டு ஊற்றித் துடைத்தவருக்கு, இங்கே குதிகாலை நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. தண்ணீர் சாம்பல் நிறமானது.

"இது பத்தாது, இன்னொரு வாளி கொண்டாங்க" என்றார் செயலாளரிடம்.

அப்பா நெளிவதை நிறுத்திவிட்டு அடுத்த காலை நீட்டினார்.