ஏழாம் பாத்தித் தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மேல் யாரும் இரக்கப்பட வேண்டாம். செய்தது முழுக்க நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று எனக்கே தெரியும், யாரும் புதிதாக வந்து சொல்ல வேண்டியதில்லை.

என் பெயர் மேரிசெல்வி. சொந்த ஊர் அனுமந்தை. எங்கள் தெருவில் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்த முதல் ஆள் நான். அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஆதிமூலத்திடம் பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். மரக்காணம் உப்பளத் தண்ணீர்தான் ஆராய்ச்சி. நாலு வருஷம் யாரும் சீந்தாத தலைப்பு அது. சுனாமியில் கடல் வந்து உப்புப் பாத்திகளுக்குள் புகுந்துவிட்டுப் போனதும் அதற்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. ஊரே செத்தவர்களைப் புதைத்துக்கொண்டிருந்த நேரத்தில், "இது உனக்கு நல்ல சான்ஸும்மா, விட்றாத" என்றார் சார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

2005 பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை, வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை ஒன்பது பாத்திகளில் பாத்திக்கொரு பாட்டிலாகத் தண்ணீர் எடுக்க வேண்டும். அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று லேபில் பார்க்க வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை எனக்கு கிளியனூர் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் முழுநாள் வகுப்பு. தற்காலிக லெக்சரர் வேலை. பிஎச்.டி. முடித்தால் நிரந்தரம், முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போ என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். லீவு கேட்டால் முறைப்பார்கள். அதனால் பாட்டில்களை சவரியம்மாள் அத்தையிடம் கொடுத்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. அந்தப் பாத்திகளில்தான் இருபது வருஷமாக உப்பு வாருகிறாள். அவளுக்கு நான் கொடுத்த பயிற்சி மொத்தம் மூன்று வாக்கியம்: நம்பர் பார்த்து எடு. பாட்டில் நிறைய எடு, காத்து இருக்கக் கூடாது. இறுக்கி மூடு. "அவ்ளோதான? குடு" என்றாள். எட்டு மாதம் ஒரு செவ்வாய் கூடத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நான் போனால், கூடையில் ஒன்பது பாட்டில்களும் வரிசையாக இருக்கும். அவற்றைத் துடைத்துவேறு வைத்திருப்பாள்.

ஜர்னலுக்குக் கட்டுரை எழுதும்போது, மாதிரிகளை எடுத்தது யார், அவருக்கு என்ன பயிற்சி என்று சொல்ல வேண்டும். 'அனைத்து மாதிரிகளையும் முதல் கட்டுரையாளரே நேரில் சேகரித்தார்' என்று எழுதினேன். முதல் கட்டுரையாளர் நான். அந்த வாக்கியத்தை யாரும் என் கழுத்தைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நானே டைப் அடித்தேன். மனசு கேட்காமல் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அத்தையின் பெயரைப் போட்டேன். சார் சிவப்புப் பேனாவால் அதை அடித்தார்.

"கூலி ஆளுக்கெல்லாம் யாரும்மா நன்றி போடுறாங்க? அப்புறம் அவங்க எதுக்கு, என்ன எடுத்தாங்கன்னு கேள்வி வரும். தேவையா நமக்கு?"

தேவையில்லைதான் என்று எடுத்துவிட்டேன்.

அந்தக் கட்டுரை ஏன் எடுபட்டது என்றால், ஏழாம் பாத்தியால்தான். மற்ற எட்டுப் பாத்திகளும் சொன்னபடி கேட்டன. ஏழில் மட்டும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் உப்பு திடீரென்று பாதியாக இறங்கியது, மறுவாரம் ஏறியது. சாருக்குத் தலைகால் புரியவில்லை. சுனாமி பூமிக்கடியில் வழி திறந்துவிட்டிருக்கிறது, நல்ல தண்ணீர் கீழேயிருந்து ஊறி வருகிறது என்று பத்துப் பக்கம் எழுதினோம். 2006 ஏப்ரலில் வெளிநாட்டு ஜர்னலில் வந்தது. துறை முழுக்க லட்டு கொடுத்தார்கள். பிரிண்ட் எடுத்து அத்தையிடம் காட்டினேன்.

"எல்லாம் நான் எடுத்த தண்ணிதான?" என்று பக்கங்களைப் புரட்டினாள்.

"ஆமா அத்தை."

அன்று உப்பளம் முழுக்க அதுதான் பேச்சாம்.

ஜூன் மாதம் ஒரு ஈமெயில் வந்தது. எங்கோ வெளிநாட்டில் உப்பளங்களையே முப்பது வருஷம் ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஏழாம் பாத்தியின் கணக்கு தனக்குப் புரியவில்லை, மீந்த மாதிரிகள் இருந்தால் அனுப்ப முடியுமா, இல்லையென்றால் உப்பு வாரும் நாளில் மறுபடி எடுத்துப் பார்க்க முடியுமா என்று ஜர்னலின் ஆசிரியருக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார். முதன்முறையாக ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அத்தையோடு உப்பளத்துக்குப் போனேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு ஜூலை இருபது என்று குறித்தாகிவிட்டிருந்தது.

மற்றப் பாத்திகளுக்கு வேறு கிழமை, ஏழாம் பாத்தியை மட்டும் ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் வாருவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆறு வருஷ ஆராய்ச்சியின் லட்சணம் இது! அத்தையும் அவளோடு வேலை செய்யும் ஜெயாவும் பலகை போட்டு உப்பைக் கரைக்கு இழுத்துக் குவித்தார்கள். பாத்தியில் கணுக்கால்கூட நனையாத அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். அத்தை பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்து எடுத்தாள். பாதிகூடச் சேரவில்லை. அப்புறம் வரப்பில் குடிதண்ணீர் வைத்திருந்த தன் கோலா பாட்டிலைத் திறந்து, சாவகாசமாக மாதிரி பாட்டிலில் ஊற்றினாள்.

"அத்தை! இன்னா பண்ற?"

"இன்னா பண்றேன்? ரொப்புறேன்."

"அது குடிக்கிற தண்ணி!"

"ஆமா, நல்ல தண்ணிதான். காலைல கொழாயில புடிச்சது. வார்ற அன்னிக்கு பாத்தில ஏதுடி தண்ணி? கொறையா குடுத்தா உங்க சார் உன்னத் திட்டமாட்டாரா? நீதான சொன்ன, பாட்டில் நெறைய இருக்கணும்னு."

"போன வருசமும் இப்டித்தானா?"

"வார்ன நாளெல்லாம் இப்டித்தான்" என்று மூடியை இறுக்கினாள். "அன்னிக்கெல்லாம் எனக்குக் குடிக்கப் பத்தாது. வெயில் ஏறினதும் நாக்கு ஒட்டிக்கும். ஜெயாகிட்ட ஒரு வாய் வாங்கிக்குவேன்."

ஜெயா சிரித்தாள். "உன் படிப்புக்கு நானும்தான் தண்ணி குடுத்துருக்கேன், பாத்துக்கோ."

நான் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூமிக்கடியில் ஓடிய எங்கள் நல்ல தண்ணீர், பத்துப் பக்கக் கட்டுரை, லட்டு, எல்லாம் அந்த இரண்டு லிட்டர் கோலா பாட்டில்தான். அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். எட்டு மாதத்தில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை நான் வந்திருந்தால் போதும் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சாரிடம் சொன்னேன். முதலில் ஃபேனைப் போட்டார், பிறகு கதவைச் சாத்தினார்.

"வாபஸ் வாங்கறது தவிர வேற வழியில்ல. எப்படி வாங்கறோம்ங்கறதுதான் விஷயம்" என்றார். அரை மணி நேரத்தில் ஒரு கடிதம் தயாராகிவிட்டது. முதல் கட்டுரையாளர் எடுத்த பாட்டில்களைச் சுமந்துவந்த சவரியம்மாள் என்ற களப்பணியாளர் கட்டுரையாளர்களுக்குத் தெரியாமல் மாதிரிகளில் கலப்படம் செய்துவிட்டார், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து, சார் கையெழுத்து. இன்னொரு தாளில் அத்தையின் வாக்குமூலம்.

"சார், அவங்க நல்லதுன்னு நெனச்சுப் பண்ணாங்க. நான்தான் போகல. நான் எடுத்தேன்னு பொய் எழுதிட்டேன்."

"அதச் சொல்லு, உன் பிஎச்.டி. அன்னியோட காலி. நடத்தைக் குற்றம்னு கமிட்டி போடுவாங்க. இந்த மாதிரி எழுதினா ஒரு சாப்டர்தான் போகும். ஆறு மாசம் தள்ளி வைவா வச்சிக்கலாம்." குரலை இறக்கினார். "அந்தம்மாவுக்கு இதனால என்ன நஷ்டம், சொல்லு? அவங்க என்ன ஜர்னலா படிக்கப் போறாங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருப்பதுபோலவே பட்டது, அதுதான் கேவலம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தைக்கு என்ன நஷ்டம்? வேலை போகாது. போலீஸ் வராது. எனக்கு ஆறு வருஷம். முப்பத்தொரு வயது. இதை விட்டால் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. மாதாவே, ஒரு கையெழுத்துதானே!

மதியம் ஒரு மணிக்கு உப்பளத்தில் கொட்டகை நிழலில் அத்தை சாப்பிட்டு முடித்திருந்தாள். தாளை நீட்டி, கையெழுத்துப் போடணும் என்றேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. வெடித்த கைகளைப் புடவையில் இரண்டு தரம் துடைத்தாள்.

"இது எங்க போவுது?"

"அந்த ஃபாரின் ஜர்னலுக்கு."

"இதுல என் பேரு இருக்குதா?"

"இருக்குது."

"எங்க, காட்டு."

காட்டினேன். ஆங்கில எழுத்தில் இருந்த தன் பெயரின் மேல் விரலை வைத்தாள். அழுக்குப் பட்டுவிடும் என்று உடனே எடுத்துக்கொண்டாள். "ஏய் ஜெயா, இங்க வந்து பாரேன்! என் பேரு!" என்று கூப்பிட்டாள். பிறகு என்னிடம், "மொதல்ல வந்த புக்குல எந்தப் பக்கம்டி இருந்துது? நீ காட்டவே இல்லியே" என்றாள்.

"அதுல இல்ல அத்தை."

அவள் தாளில் இருந்த பெயரை மறுபடி ஒரு தரம் பார்த்தாள். "பரவால்ல உடு. இதுலயாவது வருதே" என்று பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

என்னால் முடியவில்லை. பேனாவைக் கொடுக்க முடியவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டேன். "ஏன்டி, என் பேரு வரக் கூடாதா?" என்று அவள் முகம் சுருங்கியது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன்.

"கலப்படமா?" என்றாள் அத்தை. "நான் குடிக்க வச்சிருந்த தண்ணிடி அது."

ஜெயா எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். பிறகு அத்தையே, "இத எழுதினா உன் படிப்பு நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிக்கும்."

"அப்ப போட்டுக்கோ. எனக்கு இன்னா, உப்புதான வாரப் போறேன்."

அவள் வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் ஒருவேளை கையெழுத்தை வாங்கியிருப்பேனோ என்னவோ. நேராக மரக்காணத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஜர்னல் ஆசிரியருக்கு எட்டு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. மாதிரிகளை எடுத்தது நான் அல்ல. என் வேண்டுகோளின்பேரில் எடுத்தவர் திருமதி சவரியம்மாள். அவருக்கு நான் சரியாகச் சொல்லித் தரவில்லை. அவர் என் சொல்லை அப்படியே கேட்டார். நேரில் எடுத்தேன் என்று நான் எழுதியது பொய். அனுப்பும் பட்டன் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு, கரண்டு போய்விடக் கூடாதா என்று வேண்டினேன். நினைத்தபோதெல்லாம் போகிற கரண்டு அன்றைக்குப் போகவில்லை. அழுத்திவிட்டேன்.

சார் அன்றிலிருந்து என் போனை எடுக்கவில்லை. எல்லாம் தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர் தனியாக எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். கமிட்டி மூன்று முறை கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டது. ஆகஸ்டில் என் பதிவு ரத்து. அந்த வாரமே கல்லூரி வேலையும் போயிற்று. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். படுத்தால் எழ மனசு வருவதில்லை. கிணற்றைப் பார்த்தால் பயமாக இருந்தது. இதையெல்லாம் மறைக்க என்ன இருக்கிறது.

செப்டம்பரில் ஜர்னலில் அறிவிப்பு வந்தது. மொத்தமே ஏழு வரி. பிரிண்ட் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். சீசன் முடிகிற நேரம், கடைசிக் குவியல்களுக்கு ஓலை மூடிக்கொண்டிருந்தார்கள். அத்தை கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சா? படி."

படித்தேன். முதல் கட்டுரையாளர் மாதிரிகளைத் தான் சேகரிக்கவில்லை என ஒப்புக்கொண்டுள்ளார். அவை பயிற்சியில்லாத உதவியாளர் ஒருவரால் எடுக்கப்பட்டவை. ஆகவே கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது.

"என் பேரு?"

"இல்ல அத்தை. நான் எழுதி அனுப்பினேன். அவங்க போடல. உதவியாளர்னு போட்டிருக்காங்களே, அது நீதான்."

அவள் தாளை வாங்கி, மேலிருந்து கீழே, பெயரைத் தேடுகிற மாதிரி பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாதவள், ஆனாலும் அன்று விரல் வைத்த அந்த ஒரு வார்த்தையின் உருவம் அவளுக்கு நினைவிருந்தது போலிருக்கிறது. இல்லை என்று உறுதியானதும் தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"உதவியாளா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "தண்ணி எடுத்தது நான். நீ வரவே இல்லியேடி."

"ஆமா அத்தை" என்றேன். ஆறு வருஷமும் வேலையும் போனபோது வராத அழுகை அப்போது வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னை அழவிட்டாள். பிறகு தன் கோலா பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"கொறையாத்தான் இருக்குது" என்றாள். "குடி."