அட்டைக்குத் தெரியாத புகை

ரயில்வே யார்டின் மதிலை ஒட்டியிருந்தது அவளுடைய சலவைக்கூடம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மொட்டைமாடியில் உலர்த்துவாள். காலை ஏழு மணிக்கு, பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் ஷண்டிங் இன்ஜின் வேலையைத் தொடங்கும். ஏழரைக்குள் விரிப்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி கரும்புள்ளி. மறுபடி ஊறப்போட வேண்டும்.

அந்த இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன். சாப்பாடும் அவள் கையால்தான்.

"கரிய எரிச்சா கரும்புகை வராம பன்னீரா வரும், அண்ணி?" என்பான். ஒன்பது வருஷமாக இதே பதில். இன்ஜினைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? நம்பினாள். இவர்கள் பேச்சு முற்றினால் அவள் கணவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

பிறகு நகராட்சி ஒரு புகை அதிகாரியை நியமித்தது. வெளிர் சாம்பலிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டம் அச்சிட்ட அட்டை ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, புகை எந்தக் கட்டம் என்று குறித்துக்கொள்வார். பதினோரு மணிக்குத்தான் வருவார். வருவதற்கு முன் ஸ்டேஷனுக்கு டெலிபோனில் சொல்லிவிட்டு வருவார்.

அவள் அவருடைய ஆபீசுக்கே போனாள்.

"எங்க அட்டைப்படி ஒண்ணாம் நம்பர்தாம்மா வருது," என்றார், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் ஒரு விரிப்பை உதறி அவர் மேஜைமேல் விரித்தாள். "இது எத்தனாம் நம்பர்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் இரண்டு விரலால் அதை ஓரம் தள்ளினார். "துணிக்கெல்லாம் அட்டை கிடையாது."

இந்த அறிவுக்கு ஒரு நாற்காலி, அதற்கு ஒரு மின்விசிறி என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

சில மாதம் கழித்து நகராட்சி உறுப்பினர்கள் யார்டைப் பார்வையிட வந்தார்கள். பந்தல், நாற்காலி, குளிர்பானம். அவள் மாடியிலிருந்து பார்த்தாள். அதே இன்ஜின், அதே கரி, அதே கொழுந்தன். முக்கால் மணி நேரம் பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் காட்டினார்கள். புகைபோக்கியில் வெள்ளை ஆவியைத் தவிர எதுவுமில்லை. அதிகாரி அட்டையைத் தூக்கிக் காட்ட, எல்லோரும் கைதட்டினார்கள்.

மதியம் கொழுந்தன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சாப்பிட வந்தான்.

"பாத்தீங்களா அண்ணி, பொட்டுப் புகை இல்ல."

"எப்படி?"

"அது ஒண்ணுமில்ல. கொஞ்சம் கொஞ்சமா பரத்திப் போடணும். அடுப்புக் கதவ லேசா தொறந்து வெச்சா, காத்து போயி புகையே எரிஞ்சிடும்."

"எப்பலேருந்து தெரியும்?"

பிசைந்த கை நின்றது. "வேலைக்குச் சேந்தப்பவே சொல்லிக் குடுத்தாங்க. ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் குனியணும். மொத்தமா அள்ளிக் கொட்டிட்டா கால்மணி நேரம் உக்காரலாம்."

அதிகாரியாவது ஒன்றும் தெரியாத ஜென்மம். இவன் தெரிந்துகொண்டே, அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, ஒன்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறான். அவள் குழம்புச் சட்டியை மூடிவிட்டு மாடிக்குப் போனாள்.

மறுநாள் மாலை அவன் வந்தபோது தொட்டிப் பக்கத்தில் பதினெட்டு விரிப்பு கிடந்தது.

"உன் புகை. நீயே துவை."

அவன் சிரித்தபடி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அன்று தட்டைத் தூக்கவில்லை.

"துவைடா," என்றான்.

முதல் வாரம் சலவைச் சோடாத் தண்ணீரில் அவன் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. இரண்டாம் வாரம் விரிப்பு ஆறாகக் குறைந்தது. அதற்குப் பிறகு துவைக்க எதுவும் விழவில்லை. சும்மா சும்மா குனிகிறான் என்று டிரைவர் கேலி செய்தாராம்.

வருஷ முடிவில், யார்டுப் புகையை ஒழித்ததற்காகப் புகை அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கொழுந்தன் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான்.

"பாருங்க அண்ணி, நாம பண்ணினதுக்கு அவனுக்குப் பேரு."

"நாமன்னு சொல்லாத," என்றாள் அவள். "கையக் கழுவிட்டு வந்து உக்காரு."