டிரைவர் சீட்டுக்கு மேலே

மஹய்யாவ ரோட்டோரக் கராஜில், கறுப்பையா அந்தப் பழைய காரின் தொங்கிப்போன உள்கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெயில் தடுப்பு, கைப்பிடிகள், உள் லைட் எல்லாம் கழன்று வந்தன. கதவோரத்து ரப்பரை இழுத்ததும் துணி ஒட்டிய அட்டை மொத்தமாய் அவன் தலையில் சாய்ந்தது. பின்கதவு வழியே வெளியே எடுத்துத் துணியை உரித்தான். உள்ளேயிருந்த ஸ்பொஞ்சு மட்கி, மஞ்சள் மாவாய்க் கண்ணிலும் பல்லிடுக்கிலும் கொட்டியது.

"இந்தப் பழசையேவா ஒட்டச் சொன்னாங்க?" தேத்தண்ணி கொண்டுவந்த பெண்சாதி பாலம்மா கேட்டாள்.

"ஆமா. புதுத்துணி வேணவே வேணாமாம்."

"யாழ்ப்பாணத்து அம்மால்ல? தேங்கா செரட்டையக்கூட வீச மாட்டாங்க."

கறுப்பையா சிரித்துவிட்டான். துணியில் டிரைவர் சீட்டுக்கு மேலே வரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த எண்ணெய்க் கறை. அழுக்கோடு ஒட்டிக் கொடுத்தால் வேலைக்காரனைத்தான் ஏசுவார்கள். பாலம்மா துணியைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கும்மினாள். கறை விடவில்லை. அவளும் விடவில்லை.

பின்னேரம் காருக்குச் சொந்தக்கார அம்மா மங்களேஸ்வரி வந்தபோது துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கிட்டப் போய், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடவித் தடவித் தேடினாள்.

"இதில ஒரு கறை இருந்ததே?"

"இருந்துச்சுங்கம்மா, பேய்க் கறை! கை தோலு உரியத் தேச்சுப் போக்கிட்டேன்," என்றாள் பாலம்மா பெருமையாய்.

மங்களேஸ்வரி துணியை முகத்தோடு சேர்த்து மோந்தாள். வெறும் சவர்க்கார வாசம்.

"என்ர மகன்ர தலை பட்ட இடம். நெடுவல் அவன், தலை கூரையில முட்டும். எண்ணெய் வைக்காமல் வெளிக்கிடமாட்டான். போன மாசியில டெங்கு கொண்டுபோட்டுது."

பாலம்மாவின் கை வாய்க்குப் போனது. காலையில் அந்த அம்மாவை நினைத்துச் சிரித்த கறுப்பையா, வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"அம்மா... எங்களுக்குத் தெரியாதும்மா..." என்றான்.

"உங்களில பிழையில்லை. நான் சொல்லேல்ல. சொன்னால் அழுதிடுவன் எண்டுதான்."

தூறல் விழுந்தது. கொடித் துணியை எடுக்க யாரும் நகரவில்லை. மங்களேஸ்வரி காருக்குள் ஏறி, எப்போதும் இருக்கிற இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தாள். மழை வலுத்து மொட்டைத் தகரக் கூரையில் அறைந்தது. பக்கத்து வெறும் டிரைவர் சீட்டுக்கு மேலே கையை நீட்டி, சில்லிட்ட தகரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.