குருவி தொடாத சாமை

குருவி வரவில்லை என்று ஒருவர் மனு கொடுத்தால் அதை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது? கள்ளக்குறிச்சியில் ஒருவருக்கும் தெரியவில்லை. தை மாதம் ஒரு திங்கட்கிழமை, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் மனுநாளில் கொடுத்துவிட்டுப் போன அரைப்பக்கம் அது. 'எங்கள் கொல்லைக்குக் குருவி வருவதில்லை. காரணம் கண்டுபிடித்துச் சொல்லவும்.' கீழே பூமாலை என்று கையெழுத்து. ஓர் அலுவலகம் மரம் வெட்டினால்தான் எங்கள் வேலை என்றது. இன்னொன்று, குருவி கால்நடையில் சேராது என்று எழுதித் திருப்பியது. எல்லோரும் படித்துச் சிரித்து முடித்த பிறகு, யாரோ ஓரத்தில் பென்சிலால் 'புகையா இருக்குமோ' என்று கிறுக்கினார்கள். அந்தக் கிறுக்கலின் புண்ணியத்தில் வைகாசியில் அது தமிழழகன் மேசைக்கு வந்தது.

தமிழழகன் இருந்தது மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம்; அங்கே அவன் பொறுப்பு மின்னணுக் கழிவு. பழைய போன், கம்ப்யூட்டர், டிவி எல்லாம் உரிமம் வாங்கிய கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே பிரித்து, செம்பு தனியாக, பிளாஸ்டிக் தனியாக எடுக்க வேண்டும். மிஞ்சுகிற விஷக்கழிவு எங்கே போனது என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டும். இதையெல்லாம் இவன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சின்னசேலம் பக்கம் கொட்டகை வைத்திருந்த சக்கரவர்த்தியிடம் முதல் வருஷம் நேரில் போய்ப் பார்த்தான். அடுத்த இரண்டு வருஷம் சக்கரவர்த்தியே படிவத்தோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். 'மிஞ்சிய கழிவு முறைப்படி அப்புறப்படுத்தப்பட்டது' என்ற வரிக்குக் கீழே, டீ ஆறுவதற்குள் கையெழுத்து விழுந்தது. கை நீட்டிக் காசு வாங்கியதில்லை என்று தமிழழகனுக்கு உள்ளூரப் பெருமை. பொங்கலுக்கு அவர் இவன் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன ஒரு மூட்டை மலைச்சாமையை அவன் லஞ்சத்தில் சேர்க்கவில்லை.

அவனுக்கு இருந்த கவலை வேறு. மகள் சுபலட்சுமிக்கு ஆவணி வந்தால் ஐந்து வயது. தை வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குழந்தை. அதன் பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தொலைக்க ஆரம்பித்தாள். முதலில் பூனை போனது, பிறகு பால், பிறகு ஜன்னல். சொல் போன பொருளைப் பார்த்தால் வாயைத் திறந்து யோசிப்பாள், பிறகு விரலை நீட்டிக் காட்டுவாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். டாக்டர்கள் சில பிள்ளைகள் இப்படித்தான், சரியாகிவிடும் என்றார்கள். அவன் மனைவி செல்வி, உடம்பு தேறட்டும் என்று காலையும் மதியமும் சாமைக்கஞ்சி காய்ச்சினாள். அந்தச் சாமையைப் பற்றி அவளுக்கு ஏகப் பெருமை.

"நாலு மாசமாச்சுங்க, ஒரு வண்டு வுழல. எறும்புகூட ஏறல பாருங்க," என்றாள் அன்று காலையும். சுபா தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, காக்காவுக்கு ஒரு பிடி வைக்கப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் காது அடைக்கும், அது சகஜம். பூமாலையின் சாமைக் கொல்லைக்குள் காலை வைத்தபோது காது அடைத்ததுபோலத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, காது நன்றாகத்தான் இருக்கிறது, கேட்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரு பூச்சி இரையவில்லை. எதிர்ச் சரிவிலிருந்து கொண்டைக்குருவி ஒன்று பறந்து வந்தது. வரப்பு வரைக்கும் வந்து, சுவரைக் கண்டதுபோல் திரும்பிப் போய்விட்டது.

அறுத்து முடித்த கொல்லையின் மூலையில், ஒரு பாய் அகலத்துக்குச் சாமை மட்டும் அறுக்காமல் நின்றது. காய்ந்து வெளுத்து, கதிர் கவிழ்ந்து, மணி மணியாக அப்படியே இருந்தது. கார்த்திகையில் விளைந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியும் ஒரு மணியைக்கூட எதுவும் கொத்தியிருக்கவில்லை. கீழே சிந்தியதை இழுத்துப் போக ஓர் எறும்பு இல்லை.

"இது குருவிப் பங்குங்க," என்றாள் பூமாலை. முப்பது வயதிருக்கும், ஒடிசலான பெண். "குருவி வாய் வெச்சப்புறம்தான் புதுத் தானியத்த நாங்க உலையில போடுவோம். இன்னும் வெக்கல. அதனால நாங்களும் தொடல. ரேஷன் அரிசியத்தான் துன்னுகினு இருக்கோம்."

இந்த வருஷம் புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டான். சாம்பல் போட்டோம் என்றாள். கொல்லைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தைச் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்து, மழைமூட்டம் இறங்கும் நாளாகப் பார்த்து மூட்டை மூட்டையாக எதையோ எரித்தாராம். மூட்டத்தில் புகை யாருக்கும் தெரியாது. எரிந்த சாம்பலைச் சும்மாவே கொடுத்தார். மலையில் சாம்பலை யார் வேண்டாம் என்பார்கள்? கொல்லைக்கு எரு அதுதான், பாத்திரம் துலக்குவது அதுதான். வண்டு விழாமலிருக்கத் தானியத்தில் கலந்து வைப்பதும் அதுதான். பூமாலையும் அவள் புருஷன் அய்யப்பனும் கூடை கூடையாக அள்ளி விதைப்புக்கு முன்னால் தூவினார்கள். அறுத்த சாமையிலும் கலந்தார்கள்.

தமிழழகன் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தான். கறுத்த மண்ணில் பாதி உருகிய கீபோர்டு பொத்தான்கள் பல்லைப்போல் கிடந்தன. பச்சைத் தகடுகளின் மிச்சம், ஒயர்ச் சுருள். எரியாத ஒரு சாக்குத் துண்டில் சக்கரவர்த்தி கொட்டகையின் முத்திரை இருந்தது. தான் முறைப்படி அப்புறப்படுத்திய கழிவின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. இந்தச் சாம்பலில் ஈயம் இருக்கும். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று பயிற்சி வகுப்பில் அவனே குறிப்பெடுத்திருக்கிறான். நல்லவேளை, குருவியை நம்பி இவர்கள் யாரும் சாப்பிடவில்லை. மேலேறி வந்து, சாமை மூட்டையெல்லாம் இங்கேதானே இருக்கிறது, ஒன்றும் வெளியே போகவில்லையே என்று கேட்டான்.

"ஒரு மூட்டைதாங்க போச்சு. சாம்பல் குடுத்தவரு வந்து கேட்டாரு. குருவி இன்னும் தொடலீங்களேன்னு சொன்னேன், சிரிச்சாரு. கள்ளக்குறிச்சில யாரோ ஆபீசரு வூட்டுக்குப் பொங்கலுக்குக் குடுக்கணும்னு தூக்கிகினு போய்ட்டாரு."

அவள் மேலும் ஏதோ சொன்னாள். அவன் காதில் விழவில்லை.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கோமுகி அணை வந்த பிறகுதான் போனில் சிக்னல் வந்தது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது, செல்வி எடுக்கவில்லை. வழியெல்லாம் கரும்பு வண்டிகளைத் திட்டிக்கொண்டு, அதைவிட அதிகமாகத் தன்னைத் திட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. மதியக் கஞ்சிக் கிண்ணத்தோடு சுபா மதில் பக்கத்தில் நின்றாள். மதிலின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கஞ்சிப் பிடிகள் காய்ந்து வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அவளுடைய சின்ன விரல் பதிந்திருந்தது. ஒன்றைக்கூட எதுவும் தொட்டிருக்கவில்லை.

"மாசக் கணக்கா காக்காவே வரலங்க," என்றாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வி. "இது மட்டும் தெனம் வெச்சிட்டுத்தான் துன்னுது."

மலையில் காத்திருந்தார்கள். இங்கே வைத்தோம், காத்திருக்கவில்லை.

அவன் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினான். சுபா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள், யோசித்தாள், உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. பிறகு மெதுவாக விரலை நீட்டி அவனைக் காட்டினாள்.