ஸ்டிக்கர் உரித்த முலாம்பழம்

ஜூலை 9, வியாழன். முலாம்பழங்களில் இருந்த ஸ்டிக்கரை உரித்துப் போட்டது என் தப்பு. பழம் பளிச்சென்று தெரியட்டும் என்று செய்தேன்.

மாலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பழக்கடைப் பெண் இதை டைரியில் எழுதினாள். ஒரு பண்ணையின் பழங்களில் கிருமி இருக்கலாம், விற்காதீர்கள் என்று அன்று மதியம் கடைக்குத் தகவல் வந்திருந்தது. எது எந்தப் பண்ணைப் பழம் என்பதை ஸ்டிக்கரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

"எதுன்னு தெரியலைன்னா எதுவும் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் முதலாளி.

"எல்லாமேன்னுதான் சார் அர்த்தம்."

தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொன்னார். வாங்கிப் போனவர்களுக்கு வாசலில் அறிவிப்பும் ஒட்டியாயிற்று. அப்புறம்தான் அவளுக்குச் சுருக்கென்றது. முந்தாநாள் அதே குவியலிலிருந்து ஒன்றை அவளும் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். அண்ணிக்கு ஏழாவது மாதம். அடித்து அடித்துப் பார்த்தும் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் அந்தப் பழத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அதைக் கீழ வைண்ணா! கிருமி இருக்கலாமாம்!"

"வந்துட்டாங்கய்யா இன்ஸ்பெக்டரம்மா. கழுவித்தான் வெட்டினேன்."

"கழுவினா முழுசாப் போகாது. தோல்ல இருக்கிறது கத்தியோட உள்ள போயிடும்."

"தேன் மாதிரி இருக்கு. இதுல எங்க கிருமி?"

"கிருமி இருந்தா கசக்கவா செய்யும்?"

"நான் நேத்தும் தின்னேன். கல்லு மாதிரி நல்லாத்தானே இருக்கேன்?"

"உன் வயித்துலயா குழந்தை இருக்கு?"

அண்ணி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். "நேத்து நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டேனே..."

அண்ணனின் முகம் வெளுத்தது. "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று தங்கை மேல் பாய்ந்தான்.

"போனை எடுத்தாத்தானே சொல்றது!"

"சார்ஜ்ல கிடந்துச்சு."

இந்த வீட்டில் போன் எதற்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழத்தைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். கத்தி, பலகை, ஃப்ரிட்ஜ் தட்டு எல்லாவற்றையும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள். "காலையில டாக்டரைப் பார்த்துடலாம் அண்ணி" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையே. டாக்டர் சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் அண்ணி.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் அண்ணி. காய்ச்சல் வந்தப்புறம் ஓட வேண்டாம்."

அண்ணனும் தலையாட்டினான்.

காலையில் கடைக்கு லீவு சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி திறந்ததும் அண்ணியை அழைத்துப் போய், என்ன பழம், என்றைக்குச் சாப்பிட்டாள் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.