வாலில் கட்டிய கயிறு

“பிள்ளை, பண்டி ஒண்டு வலையில. உயிரோட கிடக்கு. என்ன செய்ய?”

புருசனின் தமையன் ரொபின்சன் கடலிலிருந்து போன் எடுத்துக் கேட்டார். டினோஜா அடுப்படியில் நின்றாள். விடத்தல்தீவில் கடற்பசுவைக் கடற்பன்றி என்பார்கள். பேச்சில் வெறும் பண்டி. அவள் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து உயிரோடு ஒன்று கிடைத்ததாக யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

“வலையை அறுத்து விடுங்கோ அத்தான். நான் இப்ப வாறன்.”

“என்ர வலையைத்தானே? சொல்லுவாய், சொல்லுவாய்” என்று சிரித்துவிட்டு அவர் போனை வைத்தார்.

மன்னாரிலிருந்து இயங்கிய ஒரு சின்ன ஆய்வுக் குழு அவளை வேலைக்கு எடுத்திருந்தது. கடற்பசுவோ ஓங்கில் என்கிற டொல்பினோ எங்கே கண்டார்கள், எது வலையில் பட்டது என்று கரையில் கேட்டுத் திரிவதுதான் வேலை. கேட்டால் யாரும் ஒன்றும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் சில நாட்களில் ஒழுங்கை முழுக்க ஒரே இறைச்சி வாசம் அடிக்கும், எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கும். இறைச்சிக்கு வெட்டப் பயந்தவர்கள் வயிற்றைக் கிழித்துக் கல்லைக் கட்டிக் கடலில் தாட்டுவிடுவார்கள். சட்டம் அப்படி. பண்டியோடு பிடிபட்டால் சிறை மறியல்தான்.

“மறைக்காதேங்கோ, எனக்கொரு போன் அடியுங்கோ. உங்களுக்கு ஒண்டும் வராது” என்று அவள் வீடு வீடாகச் சொன்னாள். “புருசனைக் கடலுக்குக் குடுத்தவள், இப்ப பண்டிக்குப் பால் வார்க்கப் போறாள்” என்று மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடத்தில் பகிடி விட்டார்கள். அவளுடைய காதுக்கு எட்டும்படியாகத்தான் விட்டார்கள்.

அவளுடைய புருசன் கொலின்ஸ் ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் தனியே கடலுக்குப் போனவன். போட் மட்டும் வந்தது. கடற்படை தேடுவதை நிறுத்திய பிறகும் தமையன் ரொபின்சன் நிறுத்தவில்லை. தொழிலை விட்டுவிட்டு, எண்ணெய் கடன் வாங்கி, இரணைதீவுப் பக்கம் வரைக்கும் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. நெஞ்சடைத்து விழுந்திருப்பான் என்றார்கள் சிலர். வலை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள் வேறு சிலர். செத்த வீட்டில் கதிரை போட்டு இருந்தவர்கள் ஆளுக்கொரு சாவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு எது உண்மையென்று கடைசிவரை தெரியாது.

அன்று காலை சாந்தரூபனின் போட்டில் ஏறி அவள் போனாள். சாந்தரூபன் ரொபின்சனின் மனைவி ரஜிதாவின் தம்பி. வாய் ஓயாத ஆள். “அக்கா, உங்கட மருமகளைப் பாக்கத்தானே போறம்? சீலை ஏதும் கொண்டு வந்தனீங்களோ?” என்று கேட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கடற்புல் படர்ந்த ஆழமில்லாத கடல் அது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. எதிரே ரொபின்சனின் போட் மெதுவாக வந்தது. பின்னால் கயிறொன்று இறுகி நின்றது. ரொபின்சன் இவர்களைக் கண்டு கையை உயர்த்திக் கத்தினார்.

“பிள்ளை! வலையை அறுத்தாச்சு. இதில விட்டா அடுத்தவன்ர வலையில மாட்டும். ஆழத்தில கொண்டுபோய் விடப் போறன். நல்ல பிள்ளையாய் வருது!”

இஞ்சின் நின்றுபோன போட்டை இழுக்கிற மாதிரிதான் அவர் கட்டியிருந்தார். மரக்குற்றியானாலும் ஓட்டை வள்ளமானாலும் அந்தக் கரையில் இழுக்கிறதென்றால் அதுதான் முறை. பிடி கிடைக்கிற ஒடுக்கமான இடத்தில் கயிறு, மற்றதை இஞ்சின் பார்த்துக்கொள்ளும். பண்டிக்கு ஒடுக்கமான இடம் வால். கயிறு உரசாமல் இருக்கத் தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி வாலில் சுற்றியிருந்தார்.

டினோஜா தலையைத் தேடினாள். தலை கடைசியில், தண்ணீருக்குள் இருந்தது. அது மூச்சு வாங்க மேலே வரவேண்டும். வால் முன்னே போனால் தலை எப்படி வரும்?

“அத்தான், நிப்பாட்டுங்கோ! இஞ்சினை நிப்பாட்டுங்கோ!”

அவர் இஞ்சினை நிறுத்தினார். கயிறு தொய்ந்தது. பண்டி அசையவில்லை. ரொபின்சன் குதித்து, நெஞ்சளவு தண்ணீரில் அதன் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். “மூச்சு விடு. விடு மூச்சை” என்று அதற்குச் சொன்னார். நெடுநேரம் அப்படியே நின்றார். அது மூச்சு விடவே இல்லை. சற்றுத் தள்ளி ஒரு குட்டி தலையை நீட்டி மூச்சு விட்டுத் தாழ்ந்தது. திரும்பவும் வந்தது. போட்டின் பின்னாலேயே அவ்வளவு தூரமும் வந்திருக்கிறது.

சாந்தரூபன்தான் முதலில் பேசினான். “கல்லுக் கட்டி விடுவம். ஒருத்தரும் காணேல்ல.”

“இல்லை. கரைக்குக் கொண்டு போவம்” என்றாள் டினோஜா.

“விசரோ உங்களுக்கு?”

ரொபின்சன் அவளைப் பார்த்தார். “உன்ர வேலைக்கு இது வேணுமோ பிள்ளை?”

“ஓம் அத்தான்.”

“அப்ப கரைக்கு எடுப்பம். வலையில செத்துக் கிடந்ததெண்டு சொல்லுவம். உயிருள்ள பண்டிக்குக் கயிறு போட்டதெண்டா வேட்டையெண்டுதான் எழுதுவாங்கள். என்ன?”

அவள் தலையாட்டினாள்.

மத்தியானத்துக்குள் வனசீவராசிக்காரர் வந்தார்கள், பொலிஸ் வந்தது, ஆய்வுக் குழுவின் மிருக வைத்தியர் ஸீனத் வந்தாள். ரொபின்சன் சொன்னதை உத்தியோகத்தர் ஒருவர் எழுதிக்கொண்டார். வலையில் தானாகச் செத்தது, உடனே அறிவித்திருக்கிறார்கள், பிரச்சினையில்லை என்றும் சொன்னார். ரஜிதா வந்த எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தாள்.

வெயிலுக்குக் கட்டிய தறப்பாளின் கீழே ஸீனத் பண்டியை அறுத்தாள். டினோஜா பக்கத்தில் நின்று கத்தியும் போத்தலும் எடுத்துக் கொடுத்தாள். மடியிலிருந்து பால் வடிந்து மணலில் இறங்கியது. சுவாசப்பையில் நுரை நிறைந்திருந்தது. வாலடிக்கு வந்ததும் ஸீனத்தின் கை நின்றது. தோலை உரித்துப் பார்த்தாள். உள்ளே சுற்றிவரக் கறுப்பாக இரத்தம் கட்டிக் கண்டியிருந்தது.

“டினோஜா அக்கா, இது வலை வெட்டின அடையாளமில்ல. செத்த பொறகு கட்டினா இப்படிக் கண்டாது. உயிரோட இருக்கக்குள்ள கயிறு கட்டியிருக்காங்க. ஆரு?”

உத்தியோகத்தர் திரும்பிப் பார்த்தார். ரொபின்சனும் பார்த்தார். அவர் மெல்லத் தலையை இடமும் வலமும் ஆட்டியது அவளுக்குத் தெரிந்தது.

வலை என்று சொல்லியிருக்கலாம். ஸீனத் நம்பாவிட்டாலும் விட்டிருப்பாள். அத்தான் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வீட்டில் இருப்பார். ஆனால் தலைமன்னாரிலிருந்து கொண்டச்சி வரை இழுப்பதற்கு ஒரே முறைதான் எல்லோருக்கும் தெரியும். இனி எவனாவது மனமிரங்கி ஒரு பண்டியைக் காப்பாற்ற நினைத்தால், அவனும் இப்படியே சிரித்துக்கொண்டு அதைக் கொன்றுவிடுவான். அவன் கொன்றது அவனுக்கே தெரியாது. எப்படி நடந்தது என்று தெரியாத ஒரு சாவோடு அவள் இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். இன்னொன்றை அவளால் அப்படித் தாட்டுவிட முடியவில்லை.

“அத்தான்தான் கட்டினவர்” என்றாள். “காப்பாத்தத்தான் கட்டினவர். தலை தண்ணிக்குள்ள போகுமெண்டு அவருக்குத் தெரியாது. தன்ர வலையையே அறுத்தவர்.”

முதல் வசனத்தோடு உத்தியோகத்தர் பேனையை எடுத்துவிட்டார்.

ரொபின்சன் ஜீப்பில் தானாகவே ஏறி உட்கார்ந்தார். சேட் இல்லாமல் இருந்தார். சாந்தரூபன் ஓடிப்போய்த் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். அறுத்த தங்கூசி நைலோன் வலையையும் அவருடைய போட்டையும் சான்றென்று எடுத்தார்கள்.

ரஜிதா தேத்தண்ணிக் கோப்பைகளை அப்படியே மணலில் போட்டாள்.

“உன்ர புருசனைத் தேடின போட்டடி அது! தேடின கையையே பிடிச்சுக் குடுத்திட்டியே. உனக்கு ஒண்டும் வராது, ஒண்டும் வராதெண்டு வீடு வீடாச் சொன்னியே, இதுதானோ?”

டினோஜா குனிந்து மணலில் கிடந்த கோப்பைகளைப் பொறுக்கினாள்.

குட்டி சில நாள் கரையோரத்தில் தெரிந்ததாகச் சொன்னார்கள். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் அவளோடு பேசியதே அவ்வளவுதான்.

ஸீனத் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது உதவியது. ரொபின்சன் பிணையில் வந்தார். போட் வரவில்லை; சாந்தரூபனிடம் கூலிக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் எதிரே வந்தபோது அவராகவே நின்றார்.

“தலையைத் தூக்கிப் பிடிக்கோணுமெண்டு முதலே சொல்லியிருந்தா, நான் தூக்கிப் பிடிச்சிருப்பனே பிள்ளை.”

கோபம் இல்லாமல்தான் சொன்னார். அப்படியே நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை.

அடுத்த மாதம் அவள் கொண்டச்சிக்குப் போனாள். மாதர் சங்கத்து ஸம்ஸியா, கடல்தொழில் செய்பவர்களைக் கூட்டியிருந்தாள். டினோஜா ஒரு சாக்கில் மணல் நிரப்பி, அதையே பண்டியாக வைத்துக் காட்டினாள். வலையை எங்கே அறுப்பது. தலையை எப்படித் தாங்குவது. எங்கேயும் இழுக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே விடவேண்டும்.

“எங்கட ஊரில பண்டியை வாலில கட்டி இழுத்தவர் என்ர புருசன்ர தமையன்” என்றாள். “அவர் கெட்ட மனுசரில்லை.”

முன்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார். “தங்கச்சி, நாங்க கூப்பிட்டு, எங்கட கையில அது செத்துப் போச்சுதெண்டா? எங்களையும் சொல்லிக் குடுப்பீங்களா?”

இல்லை என்று சொன்னால் போதும். எல்லோரும் அதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்பிடிச் செத்ததெண்டு கேட்டா, சொல்லுவன்.”

“அப்ப நாங்க ஏன் கூப்பிடுற?” என்றார் அவர். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் எழும்பினார். பக்கத்திலிருந்தவரும் எழும்பினார். சண்டையில்லை, சத்தமில்லை, தொழுகைக்கு நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள்.

ஸம்ஸியா கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். டினோஜா சாக்கின் தலைப்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.